டிரைவர் அண்ணன் இறந்த சனிக்கிழமை

என் அப்பா அம்மாவுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே தொடங்கி இன்றும் வந்துகொண்டிருக்கும் ஓர் உளவாளிப் படவரிசை உண்டு. அந்தப் படங்களைப் பற்றித் தமிழில் செய்தியும் கருத்தும் எழுதும் இணையப் பக்கம் ஒன்றை நானும் இன்னொருவரும் திண்டுக்கல்லில் இருந்து நடத்துகிறோம். பக்கத்தில் மூன்று வகை விஷயங்கள் வரும். வந்துவிட்ட செய்தி, வரப்போவதாகச் சொல்லப்படும் செய்தி, இந்த இரண்டையும் பற்றிய சண்டை. மூன்றாவதுக்குத்தான் ஆள் அதிகம்.

நான் படித்தது மின்னணுப் பொறியியல். கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்தபடியே மென்பொருளைச் சோதித்துத் தருகிறேன். ஒரு செயலியில் என்னென்ன தப்பாகப் போகலாம் என்று முன்கூட்டியே வரிசையாக எழுதி வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தப் பழக்கம் பக்கத்திலும் தொற்றிக்கொண்டது. ஒவ்வொரு வதந்திக்கும் ஒரு முத்திரை குத்துவேன்: உறுதி, பாதி உறுதி, டீக்கடை. அடுத்த உளவாளி யார் என்ற செய்திகள் எல்லாமே டீக்கடையில்தான் போய்ச் சேரும்.

கூட நடத்துபவர் பேகம்பூரில் பிளெக்ஸ் அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். குழுவில் எல்லோருக்கும் அவர் பாய். காதுகுத்து, கல்யாணம், கட்சிக்கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று திண்டுக்கல்லில் நடக்கும் எல்லாமே அவருடைய இயந்திரத்தின் வழியாகத்தான் வெளியே வரும். பக்கத்துக்கு வேண்டிய படங்களை அவர் செய்துகொடுப்பார். எழுத்து என் பொறுப்பு. உளவாளியைப் பற்றி யாராவது மட்டமாகச் சொல்லிவிட்டால் பதில் சண்டை போடுவதும் அவர்தான்.

படவரிசையில் ஆள் மாறாத பாத்திரம் ஒன்றே ஒன்று. உளவாளிக்குக் கார் ஓட்டுபவர். உளவாளியாக நடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறிப் போனார்கள். கார் ஓட்டுபவர் மட்டும் கறுப்பு முடியோடு வந்து, நரைத்து, தொப்பை வைத்து, இப்போது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிரமப்பட்டு உட்காருகிறார். படத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் ஊரில் அதை யாரும் சொல்வதில்லை. டிரைவர் அண்ணன்தான். தமிழில் அவருக்குக் குரல் கொடுப்பவர் மதுரைப் பக்கத்து ஆளாக இருக்கவேண்டும். பனி கொட்டும் ஏதோ ஓர் ஐரோப்பியச் சந்துக்குள் காரை ஒதுக்கி நிறுத்திவிட்டு, "செத்த இருங்க, அந்தாளு போகட்டும்" என்பார். தியேட்டர் அதிரும். உளவாளியே அப்படி ஒரு கைதட்டலை வாங்கியதில்லை.

தாடிக்கொம்பு அக்காவை எனக்கு முதலில் குரலாகத்தான் தெரியும். பக்கத்தோடு சேர்ந்த அரட்டைக் குழுவில் எல்லோரும் தட்டச்சு செய்து சண்டை போடுவார்கள். அக்கா குரல் பதிவு அனுப்புவார். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் நூல் சுற்றும் பிரிவில் வேலை. மில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பேசுவதால் பின்னணியில் லாரி ஹாரன்கள் கேட்டுக்கொண்டே இருக்கும். போன படத்தில் வந்த புது உளவாளியை நான் கொஞ்சம் பாராட்டி எழுதியிருந்தேன். அதற்கு வந்த பதிவு இது:

"ஏ புள்ள, அவன் நடிப்பு நல்லாருக்குன்னு எழுதியிருக்கியே, கண்ணு தெரியுதா உனக்கு? மூணாவது மாடியில இருந்து குதிக்கிறான், சட்டை கசங்கல. அவன் உளவாளியா, துணிக்கடை பொம்மையா? இவனுக்குக் கார் ஓட்டணும்னு டிரைவர் அண்ணனுக்குத் தலையெழுத்து."

அன்றிலிருந்து பழக்கம். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். வீட்டுக்காரர் தாடிக்கொம்புக்கு வெளியே கொஞ்சம் நிலத்தில் சம்பங்கி போட்டிருக்கிறார். அக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுமுறை. படம் வெள்ளிக்கிழமை வெளியாகும். இடையில் இருக்கும் வெள்ளி, சனி இரண்டு நாளும் அவருக்கு ஆபத்து. போன படத்தில் கூட இருந்தே காட்டிக்கொடுத்தது யார் என்பதை, மில் பஸ்ஸில் ஒரு பெண் வெண்டைக்காய் விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணோடு அக்கா தீபாவளி வரைக்கும் பேசவில்லை.

இந்த வருடம் புதுப் படம் வரப்போகிறது என்றபோது செய்திகள் வேறு மாதிரி இருந்தன. படவரிசையில் ஒரு முக்கியமான ஆள் இறந்துபோகிறார் என்பது முதல் வதந்தி. டிரைவர் அண்ணனாக நடிப்பவருக்கு நெஞ்சில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது, இதுவே கடைசிப் படம், இனி நடிக்கமாட்டார் என்பது இரண்டாவது. இரண்டாவதற்கு நான் 'உறுதி' என்று முத்திரை குத்தினேன். அவரே சொன்ன பேட்டி இருந்தது. முதலாவதற்கு 'டீக்கடை' போட்டேன். குழுவில் ஆளுக்கொரு முடிவை எழுத ஆரம்பித்தார்கள். படம் வருவதற்கு முந்தின வாரம் அக்கா எனக்குத் தனியாகப் போன் பண்ணினார்.

"நான் குழுவுல இருந்து வெளிய போறேன் புள்ள. கோவமெல்லாம் இல்ல. ஞாத்துக்கெழம சாயங்காலம் திரும்பச் சேத்துக்க."

"சரிக்கா. ஆனா இவங்க சொல்றதெல்லாம் வெறும் ஊகம்தான்."

"ஊகமா இருந்தாலும் வேண்டாம். நாளைக்கு என்ன கொழம்பு, என்ன வெஞ்சனம், எனக்குத் தெரியும். எந்த ஷிப்டு, எந்த மிசினு, தெரியும். என் மாமியா வாயத் தொறந்தா என்ன வரும்னு கூடத் தெரியும். எனக்கு முன்கூட்டியே தெரியாதது வருசத்துக்கு ஒண்ணுதான் வருது. அதையும் எவளாவது பஸ்ஸுல வச்சுச் சொல்லிப்புடுறா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. போனை வைத்ததும் உட்கார்ந்து, முடிவு அக்காவை எந்தெந்த வழியாக வந்து சேரலாம் என்று எழுதினேன். குழு. பக்கம். மற்றவர்கள் வைக்கும் ஸ்டேட்டஸ். காணொளித் துண்டுகள். மகளின் போன். மில் பஸ்ஸில் போன தடவை சொன்ன அதே பெண். ஒவ்வொன்றுக்கும் எதிரில் என்ன செய்வது என்றும் எழுதினேன். அக்கா போனில் இணையத்தை அணைத்துவிட வேண்டும், அவசரம் என்றால் நேரடியாக எனக்குப் பேச வேண்டும். மகளிடம் ஞாயிறு வரை படத்தின் பேச்சே கூடாது என்று சொல்லியாகிவிட்டது. மில் பெண் இந்தப் படத்தைப் பார்க்கப் போவதில்லை, அவள் தங்கைக்குப் பிரசவம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டோம். பக்கத்தில் எழுதும் விமர்சனத்தில் யார் இறக்கிறார்கள் என்பதைத் திங்கட்கிழமைவரை யாரும் சொல்லக்கூடாது என்று விதி போட்டேன். பாய் அதை ஆதரித்து நீளமாக எழுதினார். மீறுகிறவர்களைக் குழுவைவிட்டு நீக்குவோம் என்ற கடைசி வரி அவருடையது. ஞாயிறு பகல் காட்சிக்கு அக்காவையும் சேர்த்து எங்கள் மூவருக்கும் டிக்கெட் வாங்கி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பகல் காட்சிக்குப் போனேன். பாயும் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார். படம் முடிய அரைமணி நேரம் இருக்கும்போது டிரைவர் அண்ணன் இறந்தார்.

சொல்லிவிடுகிறேன், இப்போது எல்லோரும் பார்த்தாகிவிட்டது. மற்றவர்கள் எல்லையைக் கடந்து ஓடுவதற்காக ஒரு குறுகலான பாலத்தின் வாயில் காரைக் குறுக்கே நிறுத்திவிட்டு, உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. எல்லாம் முடிந்தபின் உளவாளி திரும்பி வந்து கதவைத் திறக்கிறான். அவ்வளவுதான். ஒரு பாட்டில்லை, ஒரு வசனமில்லை. சட்டை கசங்காத அந்த ஆள் முதல்முறையாக ஒழுங்காக நடித்தான் என்று எனக்குத் தோன்றியது. பாய் வெளியே வந்து வண்டி நிறுத்துமிடத்தில் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நின்றார்.

"என் வாப்பா மவுத்தானப்பகூட நான் இப்படி அழுகலை தங்கச்சி. அன்னைக்கு ஆயிரம் வேலை இருந்துச்சு."

கொஞ்சம் சமாதானமானதும் வேலைக்கு வந்துவிட்டார். டிரைவர் அண்ணனுக்குக் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் ஒன்று அடிக்கவேண்டும், அதைப் படம் பிடித்துத் திங்கட்கிழமை பக்கத்தில் போடவேண்டும் என்றார். அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் அதைச் சுவரும் சாலையோரமும்தான் ஊருக்குச் சொல்லும். இத்தனை வருடம் கூட இருந்தவருக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? திங்கட்கிழமைதானே, விதிக்கு உட்பட்டுத்தானே என்று கேட்டுக்கொண்டு சரி என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது. எடுத்ததும் அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம்.

"ஏ புள்ள, நெசமாவா?"

"என்னக்கா?"

"டிரைவர் அண்ணே போயிட்டாராமே."

டம்ளரைக் கீழே வைத்தேன். நான் எழுதிவைத்த வழிகள் ஒவ்வொன்றாக மனதில் ஓடின. எந்த வழி?

"யாருக்கா சொன்னது?"

"யாரு சொல்லணும்? நம்ம ஊருக்குத் திரும்புற பிரிவு ரோட்டுல அம்புட்டு பெருசா வச்சிருக்கே. ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவுல அவரு மொகம். கீழ நம்ம பாய் படம் வேற, கூலிங்கிளாசு போட்டுக்கிட்டு. துக்கத்துக்குக் கண்ணாடியக் கழட்ட வேண்டாமா அந்த மனுசன்? பஸ்ஸு அங்க நிக்காம ஊருக்குள்ள போயிருச்சு, மத்ததப் படிக்க முடியல. எப்படிப் போனாரு? ஆபரேசன் பண்ணுன நெஞ்சுதானா?"

கடைசிக் கேள்வியில்தான் எனக்கு விளங்கியது. அக்கா படத்தைப் பற்றிப் பேசவில்லை. டிரைவர் அண்ணனாக நடித்த அந்தப் பெரியவர், எங்கோ கடலுக்கு அப்பால் உயிரோடு இருப்பவர், நிஜமாகவே இறந்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார். நினைக்காமல் எப்படி இருப்பார்? தாடிக்கொம்புப் பிரிவில் கண்ணீர் அஞ்சலி என்று எழுதி முகத்தை வைத்தால், அந்த முகத்துக்குரியவர் போய்விட்டார் என்றுதான் அர்த்தம். கதையில் வரும் ஆளுக்கு யாராவது வைப்பார்களா?

"பஸ்ஸுலயே அழுதுட்டேன் புள்ள. எல்லாரும் என்னா ஏதுன்னு பதறிட்டாளுக. வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டேன். இவரு கேக்குறாரு, யாருக்குடி, அந்த வெள்ளக்காரனுக்கான்னு. ஆமா அவருக்குத்தான்னேன்."

"அக்கா..."

"நாளைக்கு நான் வரல. செத்த வீட்டுல அடுப்புக்கூடப் பத்த வைக்க மாட்டாக. நான் போயி பாப்கார்ன் திங்கவா?"

கொஞ்ச நேரத்தில் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு பேகம்பூருக்குப் போனேன்.

பாய் கடை வாசலில் பிளெக்ஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நடந்தது சிறிய விஷயம். தாடிக்கொம்புப் பிரிவில் போன வாரம் ஒரு கல்யாணத்துக்கு அவர் அடித்த சவுக்குக் கம்புச் சட்டம் இன்னும் பிரிக்காமல் நின்றது. மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். அங்கே மாட்டிப் படம் எடுத்தால் நன்றாக வரும் என்று கொண்டுபோயிருக்கிறார். மாட்டி முடிக்கும்போது பாங்கு சொல்லிவிட்டார்கள். அஸர் தொழுகையை முடித்துவிட்டு வந்து படமெடுக்கலாம் என்று பள்ளிவாசலுக்குப் போனார். அந்த நேரத்தில் முதல் ஷிப்டு முடிந்த மில் பஸ் அந்த வழியாகப் போயிருக்கிறது.

நான் சொன்னதைக் கேட்டதும் சுருட்டியதை அப்படியே கீழே போட்டார்.

"உசுரோட இருக்கிற மனுசன மவுத்துன்னு நம்ப விடுறது பாவம் தங்கச்சி. இப்பவே அக்காவுக்குப் போன் போடுறேன்."

"போட்டு என்ன சொல்வீங்க?"

"என்ன சொல்றது? அவரு நல்லாத்தான் இருக்காரு, அது வந்து சும்மா..."

"சும்மா?"

"சும்மா, படத்துல..." நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "யா அல்லாஹ். எப்படிச் சுத்துனாலும் அங்கதான் வந்து நிக்குது."

அதுதான் சிக்கல். ஆள் உயிரோடு இருக்கிறார் என்று சொன்ன மறுநொடியே, அப்படியென்றால் அஞ்சலி யாருக்கு என்று அக்கா கேட்பார். கேட்கக்கூட வேண்டாம், தானே புரிந்துகொள்வார். நாங்கள் வேறு வழிகளைப் பார்த்தோம். தவறான செய்தியை நம்பி வைத்துவிட்டோம் என்று சொல்லலாமா? செய்தியை மூன்று தரமாகப் பிரித்து முத்திரை குத்துகிறவள் நான், அக்கா நம்பமாட்டார். அது அவரைப்போலவே இருக்கும் வேறு ஒரு பெரியவர் என்று சொல்லலாமா? பாய் அதைக் கொஞ்ச நேரம் தீவிரமாக யோசித்தார். "நம்ம பக்கம் நீலக் கண்ணோட யாரு இருக்கா தங்கச்சி?" என்று அவரே விட்டுவிட்டார். விளையாட்டுக்கு வைத்தோம் என்றால்? உயிரோடு இருப்பவருக்கு விளையாட்டாக அஞ்சலி வைக்கிற ஜென்மங்களா நீங்கள் என்று கேட்டு, அத்தோடு எங்களுடன் பேச்சையும் நிறுத்திவிடுவார்.

"உங்க லிஸ்ட்ல இதெல்லாம் எழுதலையா?" என்றார் பாய்.

"போன்ல என்னென்ன வரும்னு எழுதுனேன். பிரிவுல என்ன வரும்னு எழுதலை."

"இப்ப என்னதான் பண்றது?"

சொல்லாமல் இருப்பது என்றேன். படம் முடிகிற வரைக்கும். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷி ஒரு நாள் முழுக்கத் தப்பான காரணத்துக்கு அழுதுகொண்டிருக்க, அதைத் தெரிந்தே விட்டுவிட்டு நாம் சாப்பிட்டுத் தூங்குவதா என்றார். அவர் சொன்னது நியாயம். ஆனால் அக்கா எங்களிடம் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. துக்கத்தை ஞாயிற்றுக்கிழமை திருப்பி வாங்கிக்கொள்ளலாம். முடிவு ஒருமுறை தெரிந்துவிட்டால் அதைத் தெரியாததாக்க முடியாது. இதையே நான் வேறு வேறு வார்த்தையில் சொல்லச் சொல்ல, அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "நாளைக்குப் படம் முடிஞ்சு வெளக்கு போட்டதும் நான் சொல்லிருவேன். வாசல் வரைக்கும்கூடத் தாங்கமாட்டேன்" என்றார்.

ஆனால் அக்கா வந்தால்தானே? இன்னொரு வாரம் தள்ளிப்போட்டால் எந்த ஏற்பாடும் நிற்காது. கடையிலிருந்தே போன் போட்டேன். என்ன சொல்வது என்று தயாரித்து வைத்திருந்ததெல்லாம் அக்காவின் குரலைக் கேட்டதும் போய்விட்டது.

"அக்கா, ஒருத்தர் போயிட்டா மொகம் பாக்கப் போவோமா மாட்டோமா?"

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"போவோம்."

"நம்ம எல்லாம் அவர் ஊருக்கா போகப்போறோம்? தியேட்டர்லதான் பாக்க முடியும்."

"ஆமால்ல," என்றார் அக்கா. "கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வந்துரணும். சரி வாரேன். டிக்கெட்ட வித்துப்புடாத."

அவர் இறந்துவிட்டார் என்று நான் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை, ஆகவே இது பொய்யில்லை என்று பாயிடம் சொன்னேன். அவர் பிளெக்ஸைத் தூக்கி உள்ளே வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சி. அக்கா தாடிக்கொம்பு பஸ்ஸில் வந்து இறங்கினார். வெளிர்நிறப் புடவை, தலையில் பூ இல்லை, கையில் வாழையிலைப் பொட்டலம். வயலிலிருந்து வந்த சம்பங்கியை மாலையாகவே கட்டிக்கொண்டு வந்துவிட்டார். தியேட்டர் வாசலில் நின்ற விளம்பரத் தட்டியில் உளவாளி துப்பாக்கியோடு ஆளுயரத்துக்கு நின்றான். அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் காரும் அதற்குள் சின்னதாக டிரைவர் அண்ணனும். அக்கா குனிந்து மாலையைத் தட்டியின் அந்த மூலையில் தொங்கவிட்டார். டிக்கெட் கிழிப்பவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, ஹீரோ மேல இருக்காரு பாருங்க."

"எங்களுக்குத் தெரியும் யாரு ஹீரோன்னு. நீங்க டிக்கெட்டக் கிழிங்க."

உள்ளே எனக்கும் பாய்க்கும் நடுவில் உட்கார்ந்தார். நான் திரையை அதிகம் பார்க்கவில்லை. டிரைவர் அண்ணன் முதல்முறை கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தபோது தியேட்டரே விசிலடித்தது. அக்கா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு இன்னொரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார். நகைச்சுவைக் காட்சிகளில் சிரித்தார், சிரித்து முடிப்பதற்குள் கண்ணைத் துடைத்தார். "எப்படி இருக்காரு பாரு, ஆபரேசன் பண்ணுன ஆளு மாதிரியா தெரியுது?" என்று என் காதில் சொன்னார்.

இடைவேளையில் பாய் டீ வாங்கிக்கொண்டு வந்தார். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். கண் சிவந்திருந்தது. அக்கா அவர் தோளில் தட்டினார்.

"அழுகாதீக பாய். வயசான மனுசன். கஷ்டப்படாமப் போயிருந்தாச் சரி."

பாய் டீயை என் கையில் கொடுத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனவர், படம் தொடங்கி இருட்டான பிறகுதான் திரும்பி வந்தார்.

பாலத்துக் காட்சி நெருங்கியது. நாங்கள் காத்தது எதற்காக என்று இன்னும் சில நிமிடத்தில் தெரிந்துவிடும். டிரைவர் அண்ணன் காரைக் குறுக்கே திருப்பி நிறுத்தினார். அக்கா என் பக்கம் சாய்ந்தார்.

"இதுல எப்படியும் தப்பிச்சிருவாரு புள்ள. அது போதும். மனுசன் போயிட்டாரு, படத்துலயாவது இருக்கணும்ல."

எனக்கு அது தோன்றியிருக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை அந்தத் தியேட்டரில் இருந்த எங்கள் எல்லோருக்கும் ஓரத்தில் ஒரு சந்தேகம் இருந்தது. வதந்தி காதில் விழுந்திருந்தது. அவர் சீட் பெல்ட்டைக் கழற்றாதபோதே பாதிப்பேருக்குப் புரிந்துவிட்டது. அக்கா ஒருவர்தான், இந்த மாவட்டத்திலேயே, அவர் பிழைப்பார் என்று முழுசாக நம்பிக்கொண்டு அந்தக் காட்சியைப் பார்த்தார்.

உளவாளி கதவைத் திறந்தான். என் மணிக்கட்டில் இருந்த அக்காவின் கை விலகி அவர் மடிக்குப் போனது. அப்புறம் படம் முடியும்வரை அழவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் பார்த்தார். எழுத்துகள் ஓடத் தொடங்கியதும், "இங்கயும் போயிட்டாரு" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

விளக்குகள் எரிந்தன. பாய் சொன்னபடி வாசல்வரைகூடப் பொறுக்கவில்லை.

"அக்கா, அவரு இருக்காரு."

"யாரு?"

"டிரைவர் அண்ணே. நெசத்துல உசுரோட நல்லாருக்காரு. அந்த பிளெக்ஸு இதுக்கு. இப்பப் பாத்தமே, இதுக்கு வச்சது."

அக்கா என்னைப் பார்த்தார். நான் போனில் எடுத்துத் தயாராக வைத்திருந்த காணொளியைக் காட்டினேன். அந்த வாரம் அந்தப் பெரியவரே போட்டது. பழைய பனியனோடு, கையில் தண்ணீர்க் குழாயோடு தக்காளிச் செடிகளுக்கு நடுவே நின்று, படம் வெளியாகிறது, போய்ப் பாருங்கள் என்று ஏதோ சொல்கிறார். நடுவில் குழாய் கழன்று தண்ணீர் காலில் பீய்ச்சியடிக்கிறது. சிரிக்கிறார்.

அக்கா போனை வாங்கி முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டார். பின்வரிசைக்காரர்கள் எங்களைத் தாண்டிப் போகமுடியாமல் உச்சுக்கொட்டினார்கள். மூன்றாவது தடவை ஓடும்போது, "செடிக்கு இப்படியா தண்ணி விடுவாக, வேரெல்லாம் தெரியுது" என்றார். அப்புறம்தான் உடைந்து அழுதார். சிரிப்பும் அதற்குள் இருந்தது.

வெளியே வந்து நிழலில் நின்றதும் கோபம் வந்தது.

"நேத்துலருந்து தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"தலைக்கு ஊத்திக்கிட்டு, பூவெடுத்துட்டு, மாலை கட்டி... ஏன் புள்ள, என்னயப் பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியுது?"

பாய் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "நான்தான்க்கா பிளெக்ஸ வச்சேன், என்னையத் திட்டுங்க" என்றார். சொல்லியிருந்தால் முடிவு தெரிந்துபோயிருக்கும், வேறு வழி கிடைக்கவில்லை என்றேன் நான். அக்கா எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். நாங்களும் பின்னால் நடந்தோம்.

நிறுத்தத்தில் நின்றதும் அவராகவே ஆரம்பித்தார்.

"கடைசி வரைக்கும் எனக்குத் தெரியலடி."

"தெரியும்க்கா. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பொழச்சிருவாருன்னே நெனச்சேன். அவன் கதவத் தொறக்குறப்பகூட, உள்ள உக்காந்து ஏதாச்சும் நக்கலா சொல்லப்போறாருன்னு வாயப் பாத்துக்கிட்டே இருக்கேன்." மூச்சை விட்டார். "அம்மாடி. நீங்க செஞ்சது தப்புதான். ஆனா நான் எந்தப் படத்தையும் இப்படிப் பாத்ததில்ல."

பாய் முகத்தில் இரண்டு நாள் கழித்து வெளிச்சம் வந்தது. பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகலாம், தன் செலவு என்றார். துக்கம் விசாரித்த வீட்டில் கை நனைப்பதில்லை என்று அக்கா சொல்ல, துக்கம்தான் இல்லையே என்று அவர் சொல்ல, அங்கேயே ஒரு சண்டை. தாடிக்கொம்பு பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அக்கா பையைத் தோளில் மாட்டியவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"ஏ புள்ள. பஸ்ஸுக்காரிகளுக்கு என்ன சொல்றது?"

"எந்த பஸ்ஸு?"

"மில் பஸ்ஸுதான். நேத்து நான் அழுததப் பாத்து அம்புட்டுப் பேரும் கூட அழுதாளுக. நாலு பேரு கெளம்பிட்டாளுக, நாங்களும் அடுத்த ஞாத்துக்கெழம அந்தாளு படத்தப் பாத்தே ஆகணும்னு. காலையில ஏறுனதும் கேப்பாளுகளே. உசுரோட இருக்காருன்னு சொன்னா அப்ப போர்டு எதுக்குன்னு கேப்பாளுக."

நானும் பாயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்கும் பதில் தெரியும். சொல்லத் தைரியம் இல்லை.

பஸ் வந்து நின்றது. அக்கா படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினார். முகத்தில் யோசனை முடிந்திருந்தது.

"அடுத்த ஞாயிறு வரைக்கும் செத்தே இருக்கட்டும்," என்றார். "நான் பாத்துக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் வாயத் தொறக்காதீக."